நீண்டகால வருத்தத்தோடு பிப் விண்ணப்பிப்பது: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்தில் நம் ஆட்களுக்குப் படிவம் நிரப்ப உதவும்போது கிட்டத்தட்ட எல்லாரும் ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள், அதுவும் பாதிப்பேர் குரலைத் தாழ்த்திக்கொண்டு. அதனால்தான் இதைத் தொகுத்தேன். இங்கே சொல்வதெல்லாம் இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிக்கு. ஸ்கொட்லாந்தில் அடல்ட் டிசபிலிட்டி பேமென்ட் என்று தனியாக ஒன்று உண்டு, விண்ணப்பிக்கும் இடமும் வேறு. கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

பிப் எண்டால் என்ன? வேலை இல்லாத ஆக்களுக்குக் குடுக்கிற காசோ?

இல்லை. பேர்சனல் இண்டிபென்டன்ஸ் பேமென்ட் என்பதைத்தான் சுருக்கிப் பிப் என்கிறார்கள். டிஎல்ஏ (டிசபிலிட்டி லிவிங் அலவன்ஸ்) என்ற பழைய உதவித்தொகைக்குப் பதிலாக 2013இல் வந்தது. வருத்தத்தாலோ உடல், மனக் குறைபாட்டாலோ அன்றாட வாழ்க்கை கஷ்டமாகிவிட்டவர்களுக்கானது. 16 வயதில் இருந்து அரச ஓய்வூதிய வயது வரைக்கும் புதிதாக விண்ணப்பிக்கலாம். முழுநேர வேலை செய்தாலும், சொந்த வீடு இருந்தாலும், வங்கியில் சேமிப்பு இருந்தாலும் தடையில்லை. வரி கிடையாது. வருமானம் குறைந்தவர்களுக்கான யுனிவர்சல் கிரெடிட் எடுக்கிறவர்களுக்கு அதில் ஒரு பென்ஸ்கூடக் குறையாது.

இரண்டு பகுதி: அன்றாட வாழ்க்கை, நடமாட்டம். ஒவ்வொன்றிலும் சாதாரணம், கூடியது என்று இரண்டு படி. 2025 ஏப்ரலில் தொடங்கிய நிதியாண்டில் அன்றாட வாழ்க்கைக்குக் கிழமைக்கு 73.90 அல்லது 110.40 பவுண், நடமாட்டத்துக்கு 29.20 அல்லது 77.05 பவுண். பிப் கொடுக்கிற அரச திணைக்களமான டிடபிள்யூபி ஏப்ரலுக்கு ஏப்ரல் தொகையைத் திருத்தும்.

அரசாங்கத்திட்டக் கை நீட்ட வெக்கமா இருக்கு. எங்களிலும் கஷ்டப்பட்ட சனம் இருக்குதுதானே?

இதைக் கேட்காதவர்களே குறைவு. நீங்கள் வாங்குவதால் இன்னொருவருக்குக் குறையப் போவதில்லை. இத்தனை பேருக்குத்தான் என்று ஒதுக்கி வைத்த காசு இல்லை இது, தகுதி இருக்கிற ஒவ்வொருவருக்கும் கொடுக்கவேண்டும் என்று சட்டம் சொல்கிறது. வரிப்பணத்தில் இருந்துதான் வருகிறது, நீங்களோ உங்கள் வீட்டில் ஒருவரோ சம்பளத்திலும் கடையிலும் பெற்றோலிலும் கட்டுகிற அதே வரி.

வருத்தம் வந்த வீட்டில் செலவு கூடும். டாக்சி, கூடுதல் ஹீட்டிங், வெட்டிக் கழுவி வைத்த மரக்கறி, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேலையில் லீவு போட்ட மகனின் ஒரு நாள் சம்பளம். அந்தச் செலவுக்காகத்தான் இந்தக் காசு.

எனக்குச் சீனி வருத்தம், பிரஷரும் இருக்கு. கிடைக்குமோ?

வருத்தத்தின் பெயருக்குப் பிப் கிடைக்காது, அந்த வருத்தம் உங்களை என்ன செய்யவிடாமல் வைத்திருக்கிறது என்பதற்குத்தான் கிடைக்கும். குளிசை போட்டுக்கொண்டு வழமைபோல ஓடித்திரிகிற ஒருவருக்குச் சீனி வருத்தம் இருபது வருஷமாக இருந்தாலும் ஒன்றும் வராது. அதே வருத்தத்தால் பாதம் மரத்து, எங்கே கால் வைக்கிறோம் என்று தெரியாமல் விழுகிறவருக்கு, பார்வை மங்கி அடுப்பின் அளவு தெரியாதவருக்கு, சீனி இறங்குவதை உடம்பு முன்கூட்டியே காட்டாமல் மயங்கிப் போகிறவருக்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது. மூட்டுவாதம், லூபஸ், பைப்ரோமயால்ஜியா, சிறுநீரக வருத்தம், மனச்சோர்வு எல்லாவற்றுக்கும் இதே அளவுகோல்தான்.

விசாவில இருக்கிறன். கேட்டால் விசாவுக்குப் பிரச்சினை வருமோ?

உங்கள் விசாவில் 'பொது நிதி இல்லை' என்று இருந்தால் பிப் கேட்கவே வேண்டாம். பிப் பொது நிதிக்குள் வருகிறது, கேட்டால் விசாவுக்கே பாதகமாகலாம். அகதித் தஞ்சம் கேட்டு முடிவுக்குக் காத்திருப்பவர்களுக்கும் பொதுவாக இது கிடையாது. அகதி அந்தஸ்து கிடைத்தவர்கள், நிரந்தர வதிவிடம் உள்ளவர்கள், பிரஜைகள் கேட்கலாம்.

இன்னொரு நிபந்தனை, கடைசி 156 கிழமையில் குறைந்தது 104 கிழமை பிரித்தானியாவில் இருந்திருக்க வேண்டும். அகதி அந்தஸ்து உள்ளவர்களுக்கும் அவர்களின் குடும்பத்துக்கும் இந்த நிபந்தனை இல்லை. பல பேருக்கு இது தெரியாமல் இரண்டு வருஷம் சும்மா காத்திருக்கிறார்கள். விசா விஷயத்தில் சின்னச் சந்தேகம் இருந்தாலும் முதலில் குடிவரவு சட்டத்தரணியிடம் கேட்டுவிட்டுத்தான் போனை எடுக்கவேண்டும்.

வருத்தம் வந்து எவ்வளவு நாளுக்குப் பிறகு கேட்கலாம்?

கஷ்டம் தொடங்கி மூன்று மாதம் ஆகியிருக்கவேண்டும், இனியும் ஒன்பது மாதமாவது நீடிக்கும் என்று எதிர்பார்க்கக்கூடியதாக இருக்கவேண்டும். டொக்டர் பெயர் சொல்லி உறுதிப்படுத்திய நாளில் இருந்து இதை எண்ணுவதில்லை, உங்களுக்குக் கஷ்டம் தொடங்கிய நாளில் இருந்துதான் எண்ணுகிறார்கள். ஸ்கானுக்கு வரிசையில் நிற்கிறவர்கள் இதைக் கவனிக்கவேண்டும்.

டிடபிள்யூபிக்குப் போன் எடுத்துப் பதிகிற நாளில் இருந்துதான் காசு கணக்கிடுவார்கள், படிவம் அனுப்பிய நாளில் இருந்து இல்லை. அதனால் முதலில் பதிவு செய்துவிட்டு, படிவத்தை ஆறுதலாக நிரப்புங்கள். அதற்கு ஒரு மாதம் தருவார்கள், போதாவிட்டால் முடிவதற்கு முன்பே அழைத்து நீட்டிக்கக் கேட்கலாம்.

உயிர் பிழைத்திருப்பது ஒரு வருஷத்துக்குள்தான் என்று டொக்டர் நினைக்கும் நிலையில் இந்தக் காத்திருப்பு ஒன்றும் இல்லை. டொக்டரோ தாதியோ எஸ்ஆர்1 என்ற படிவம் கொடுப்பார், அன்றாட வாழ்க்கைப் பகுதி கூடிய படியில் வரும், விரைவாகவும் வரும்.

புள்ளி எப்பிடிப் போடுவினம்?

அன்றாட வாழ்க்கையில் பத்து விஷயம் பார்ப்பார்கள்: சமைத்தல், சாப்பிடுதல், மருந்தும் சிகிச்சையும், குளித்தல், கழிவறை, உடுத்துதல், பேசிப் புரிந்துகொள்ளுதல், வாசித்தல், ஆட்களோடு பழகுதல், காசைக் கையாளுதல். நடமாட்டத்தில் இரண்டு: பயணத்தைத் திட்டமிட்டுப் போவது, உடம்பால் நடப்பது. ஒவ்வொன்றிலும் உங்கள் கஷ்டத்தின் அளவுக்கு ஏற்பப் புள்ளி போடுவார்கள். ஒரு பகுதியில் 8 வந்தால் சாதாரண படி, 12 வந்தால் கூடியது.

நடப்பதைத் தூரத்தால் அளக்கிறார்கள். 20 மீட்டருக்கு மேல் போகமுடியாது என்றால் 12 புள்ளி, அதாவது இரண்டு டபிள் டெக்கர் பஸ்ஸை முன்னும் பின்னுமாக நிறுத்தினால் வருகிற நீளம். 50 மீட்டருக்கு மேல் போய் 200 மீட்டருக்குள் நிற்கவேண்டி வந்தால் 4. வீட்டு வாசலில் இருந்து எந்தக் கேட், எந்த விளக்குக் கம்பம் வரைக்கும் போகிறீர்கள் என்று பார்த்து, யாரையாவது அளக்கச் சொல்லுங்கள். 'கொஞ்சத் தூரம்' என்று எழுதினால் அவர்கள் கொஞ்சத்தைத் தங்கள் கால்களால் அளப்பார்கள்.

செய்யலாம்தான், ஆனால் செய்து முடிச்சால் உடம்பு ஏலாது. அதுக்கு என்ன எழுதுறது?

முழுப் படிவத்திலும் முக்கியமான கேள்வி இதுதான். ஒரு வேலையை நீங்கள் 'செய்யமுடியும்' என்று அவர்கள் சொல்லவேண்டுமானால் நாலு விஷயமும் சரியாக இருக்கவேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது: பாதுகாப்பாக, ஒழுங்கான தரத்தில், தேவைப்படும் அளவுக்குத் திரும்பத் திரும்ப, நியாயமான நேரத்துக்குள். நியாயமான நேரம் என்றால் வருத்தம் இல்லாத ஒருவர் எடுக்கக்கூடிய அதிகபட்ச நேரத்தின் இரண்டு மடங்குக்குள். நாலில் ஒன்று தவறினாலும் உங்களால் அந்த வேலையை அந்த அளவில் செய்யமுடியாது என்றுதான் கணக்கு.

ஆகவே குளித்துவிட்டு ஒரு மணித்தியாலம் கட்டிலில் படுக்கவேண்டி இருந்தால் அதை எழுதுங்கள். ஒரு தடவை படி ஏறினால் அன்றைக்கு இனி ஏற முடியாது என்றால் அதை எழுதுங்கள். ஆம், இல்லை என்று கோடு போடுவதோடு நிறுத்தவேண்டாம்.

எனக்கு நல்ல நாளும் இருக்கு, கெட்ட நாளும் இருக்கு. எதைச் சொல்லுறது?

இரண்டையும், எண்ணிக்கையோடு. பாதிக்கும் மேற்பட்ட நாட்களில் எந்த நிலை என்பதுதான் விதி, அதைப் பன்னிரண்டு மாதத்துக்குப் பார்க்கிறார்கள், போன மூன்று மாதமும் வரப்போகிற ஒன்பது மாதமும். ஒரு நாளில் காலையில் மட்டும் கை மடங்காமல் இருந்தாலும், அது சும்மா ஒரு நிமிடக் கஷ்டமாக இல்லாவிட்டால், அந்த நாள் கெட்ட நாள்தான். முழு நாளும் படுக்கையில் கிடக்கவேண்டும் என்றில்லை.

ஒரு கொப்பியில் நாலைந்து கிழமைக்கு ஒவ்வொரு நாளும் இரண்டு வரி எழுதி வையுங்கள். எத்தனை மணிக்கு எழும்பினேன், என்ன செய்தேன், யார் உதவினார், எதை விட்டேன். படிவத்தோடு அதன் நகலை இணைக்கலாம். தமிழில் எழுதியிருந்தால் பிள்ளைகளைக் கொண்டு மொழிபெயர்த்து வையுங்கள்.

அப்ப பாதி நாளுக்கு மேல வராத வலிப்புக்கு ஒண்டும் இல்லையோ? மாசத்தில இரண்டு தரம்தான் வரும்.

இருக்கிறது. மேலே சொன்ன நாலில் 'பாதுகாப்பாக' என்பதைப் பற்றி 2017இல் அப்பர் ட்ரிபியூனல் என்ற மேல்முறையீட்டு மன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆபத்து பாதிக்கும் மேற்பட்ட நாட்களில் நடந்தே தீரவேண்டும் என்பதில்லை, நடந்தால் எவ்வளவு பாரதூரம் என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். எந்த நேரம் வரும் என்று தெரியாத வலிப்பு உள்ளவர் கொதிக்கிற சட்டிக்கு முன்னால் தனியாக நிற்பது எல்லா நாளும் ஆபத்துத்தான். முன்னறிவிப்பு இல்லாமல் சீனி இறங்குகிறவர்களுக்கும் இந்த நியாயம் பொருந்தும்.

சமைக்கிறது மனிசிதான். நான் குசினிப் பக்கம் போனதே இல்லை. அந்தக் கேள்விக்கு என்ன எழுதுறது?

நம் வீடுகளில் இது அடிக்கடி வரும். நீங்கள் சமைக்கிறீர்களா, சமைக்கத் தெரியுமா என்று அவர்கள் கேட்கவில்லை. மரக்கறி வெட்டி, அடுப்பில் ஒரு ஆளுக்கு ஒரு எளிய சாப்பாடு செய்ய உங்கள் உடம்பும் மனமும் இடம் கொடுக்குமா என்பதுதான் கேள்வி. கத்தி பிடிக்கக் கை வருமா, அடுப்படியில் நிற்க நாரி விடுமா, அடுப்பை நிறுத்த மறக்கிறீர்களா என்று எழுதுங்கள். 'மனைவி சமைக்கிறார்' என்று மட்டும் எழுதினால் பூச்சியம்தான்.

குனிந்து ஓவனுக்குள் இருந்து எடுப்பது இதில் சேராது, இடுப்பு உயரத்தில் செய்கிற சமையலை மட்டும்தான் பார்க்கிறார்கள். நிற்க ஏலாமல் உயரமான கதிரையில் இருந்து வெட்டுகிறீர்கள் என்றால் அந்தக் கதிரை ஒரு உதவிப்பொருள், அதற்கு 2 புள்ளி.

இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது. வாசிக்கிற கேள்விக்குப் புள்ளி வருமோ?

வராது. உங்கள் தாய்மொழியில் வாசிக்க முடியுமா என்றுதான் பார்ப்பார்கள். தமிழ்ப் பேப்பர் வாசிக்கக் கண் தெரியவில்லை, அல்லது பக்கவாதத்துக்குப் பிறகு வாசித்தது மூளையில் ஏறவில்லை என்றால் அது வேறு, அதை எழுதுங்கள்.

சரி, படிவத்தில எப்பிடி எழுதுறது? ஒரு உதாரணம் சொல்லுங்கோ.

'மூட்டுவாதம் இருப்பதால் சமைக்கக் கஷ்டம்' என்று எழுதினால் அந்த வரியை வாசிக்கிறவருக்கு ஒரு புள்ளியும் கண்ணில் படாது. இப்படி எழுதிப் பாருங்கள்: 'காலையில் எழும்பி இரண்டு மணித்தியாலத்துக்கு விரல்கள் மடங்காது. கத்தி நழுவும். பருப்புச் சட்டியை இறக்கும்போது கை விட்டுப்போய் காலில் கொட்டியது. அதற்குப் பிறகு மகள் வேலையால் வந்த பிறகுதான் அடுப்பு மூட்டுவது. கிழமையில் ஐந்து நாள் இப்படி.' என்ன நடக்கிறது, எத்தனை நாள், யார் உதவுகிறார், உதவி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று எல்லாம் அதில் இருக்கிறது. நடந்ததை மட்டும் எழுதுங்கள், கூட்டவேண்டிய தேவையே இல்லை.

கழிவறைக் கேள்வியில் நம் ஆட்கள், முக்கியமாகப் பெண்கள், இரண்டு சொல்லோடு விட்டுவிடுகிறார்கள். மகனோ தெரிந்த அண்ணையோ படிவம் நிரப்பும்போது எப்படிச் சொல்வது? அந்தப் பக்கத்தை மட்டும் ஒரு பெண்ணிடம் கொடுத்து எழுதச் சொல்லுங்கள். சிறுநீர் அடக்க முடியாமை மாதிரி விஷயங்களுக்கு அந்தக் கேள்வியில் மட்டும்தான் புள்ளி இருக்கிறது, சொல்லாமல் விட்டால் அது இல்லாத மாதிரித்தான்.

டொக்டர் கடிதம் குடுத்தால் போதும்தானே?

போதாது. பத்து நிமிடம் பார்க்கிற ஜிபிக்கு உங்கள் வருத்தத்தின் பெயரும் குளிசையின் பெயரும் தெரியும், நீங்கள் எப்படிக் குளிக்கிறீர்கள் என்று தெரியாது. கடிதத்துக்குக் காசும் கேட்கலாம். கையில் இருக்கிற ஆஸ்பத்திரிக் கடிதங்கள், மருந்துச் சீட்டின் நகல், ஃபிசியோ அல்லது ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் அறிக்கை, கூட இருந்து பார்க்கிற மகளோ பக்கத்து வீட்டுக்காரரோ எழுதிய கடிதம், மேலே சொன்ன கொப்பி எல்லாம் சேர்ந்தால் நல்லது. மூலப்பிரதியை அனுப்பவேண்டாம், நகல் மட்டும். நிரப்பிய படிவத்தையும் ஒரு நகல் எடுத்து வையுங்கள், அசெஸ்மென்டுக்கு, அதாவது உங்கள் நிலையைக் கேட்டு மதிப்பிடும் சந்திப்புக்கு, முதல் நாள் அதை வாசிக்கவேண்டும்.

அசெஸ்மென்ட் போனில வருமாம். மகள் மொழிபெயர்க்கலாமோ?

போன், வீடியோ, நேரில் என்று மூன்று விதமாகவும் நடக்கலாம். மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்பே கேளுங்கள், காசு இல்லை. மகள் பக்கத்தில் இருக்கலாம், பேசலாம், நினைவூட்டலாம், அது உங்கள் உரிமை. ஆனால் மொழிபெயர்ப்பை அவளிடம் விடவேண்டாம். அம்மா கழிவறைக்குப் போகப் படும் பாட்டைப் பிள்ளை வாயால் சொல்ல வைக்காதீர்கள், அம்மாவும் பிள்ளைக்கு முன்னால் பாதியை மறைப்பார். ஒலிப்பதிவு வேண்டும் என்றும் முன்கூட்டியே கேட்கலாம்.

'எப்படி இருக்கிறீர்கள்' என்று தொடக்கத்தில் கேட்டால் நம் ஆட்கள் மரியாதைக்கு 'நல்லா இருக்கிறன்' என்று சொல்லிவிடுவார்கள், அது அறிக்கையில் ஏறலாம். அன்றைக்கு உள்ளபடி சொல்லுங்கள். வீட்டில் என்ன செய்வீர்கள், டிவி பார்ப்பீர்களா, கோயிலுக்குப் போவீர்களா என்று கதை மாதிரிக் கேட்பதும் அசெஸ்மென்ட்தான். கோயிலுக்குப் போவேன் என்றால் யார் கூட்டிப் போவது, எவ்வளவு நேரம் இருப்பது, அடுத்த நாள் எப்படி என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

நடக்கக் கால் இருக்கு, ஆனால் தனிய வெளிய போகப் பயம். சண்டை நேரத்தில நடந்ததுகள் இன்னும் மனசில. இதுக்கும் உண்டோ?

உண்டு. பயணத்தைத் திட்டமிடுவது என்ற பகுதி இதற்கும் சேர்த்துத்தான். 2017இல் அரசாங்கம் மன உளைச்சலால் பயணம் போகமுடியாதவர்களுக்குப் புள்ளியைக் குறைக்கிற மாதிரி விதியை மாற்றியது, அதே வருஷம் டிசம்பரில் உயர் நீதிமன்றம் அந்த மாற்றத்தைத் தள்ளிவிட்டது. ஆகவே யாராவது கூட வராமல் தெரிந்த இடத்துக்கும் போகமுடியாது என்றால் தெளிவாக எழுதுங்கள். ஆட்களோடு பழகுதல் என்ற பகுதியையும் விடவேண்டாம். நடந்தவற்றை விவரமாகச் சொல்லத் தேவையில்லை, இன்றைக்கு அது உங்களை என்ன செய்கிறது என்பது போதும்.

கிழமைக்கு மூண்டு நாள் டயாலிசிஸ். அதுக்கே புள்ளி வரவேணுமே?

வீட்டில் செய்கிற டயாலிசிஸுக்கு, மற்றொருவர் உதவி தேவைப்பட்டால், அந்த மணித்தியாலங்களைக் கூட்டிப் புள்ளி போடுவார்கள். ஆஸ்பத்திரியில் செய்தால் சிகிச்சை என்ற பகுதியில் வராது, விதியில் 'வீட்டில் செய்யும் சிகிச்சை' என்றுதான் இருக்கிறது. எனக்கு இது நியாயமாகப் படவில்லை. ஆனால் டயாலிசிஸ் முடிந்து வந்து எழும்ப முடியாமல் கிடப்பது சமையல், குளியல், நடை எல்லாவற்றிலும் வரும். டயாலிசிஸ் நாட்களும் அடுத்த நாள் களைப்பும் சேர்ந்தால் கிழமையில் பாதிக்கு மேல் தாண்டிவிடும், அந்தக் கணக்கை எழுதிக் காட்டுங்கள்.

பூச்சியம் புள்ளி எண்டு கடிதம் வந்திட்டுது. இனி என்ன?

விடவேண்டாம். கடிதத் திகதியில் இருந்து ஒரு மாதத்துக்குள் மறுபரிசீலனை கேளுங்கள், அசெஸ்மென்ட் அறிக்கையின் நகலையும் கேட்டு வாங்குங்கள். பிழையாக எழுதியதை வரிவரியாக மறுத்து எழுதுங்கள். நல்ல காரணம் இருந்தால் பிந்தியும் கேட்கலாம், ஆனால் அதை நம்பி இருக்காதீர்கள். அதிலும் மாறாவிட்டால் அந்தப் பதில் வந்து ஒரு மாதத்துக்குள் ட்ரிபியூனல் என்ற தனி மன்றத்துக்கு மேல்முறையீடு செய்யுங்கள். காசு இல்லை, மொழிபெயர்ப்பாளரும் தருவார்கள். பொதுவாக ஒரு நீதிபதி, ஒரு டொக்டர், குறைபாடு பற்றி அனுபவம் உள்ள ஒருவர் என்று மூன்று பேர். அங்கே விசாரணைக்குப் போகிற பிப் வழக்குகளில் பாதிக்கும் மேல் விண்ணப்பித்தவர் பக்கம்தான் முடிகிறது. கடதாசியை மட்டும் பார்த்து முடிவெடுங்கள் என்று விடாமல் நேரிலோ போனிலோ பேசக் கேளுங்கள்.

இரண்டு எச்சரிக்கை. ட்ரிபியூனல் பார்ப்பது முடிவு எடுத்த நாளில் உங்கள் நிலை, அதற்குப் பிறகு மோசமானதற்குப் புதிய விண்ணப்பம் வேண்டும். ஏற்கெனவே ஏதாவது ஒரு படி கிடைத்து, கூட்டிக் கேட்கப் போகிறீர்கள் என்றால் அவர்கள் குறைக்கவும் முடியும். அந்த நிலையில் சிட்டிசன்ஸ் அட்வைஸ் அல்லது கவுன்சிலின் வெல்ஃபேர் ரைட்ஸ் ஆட்களிடம் காட்டிவிட்டுப் போங்கள். கிடைக்கிற காசில் பங்கு கேட்டுப் படிவம் நிரப்புகிறவர்களிடம் போகவேண்டாம், இந்த இடங்களில் இலவசமாகவே செய்வார்கள்.

ஒரு கேள்வியில நாலு புள்ளி வேணும் எண்டு சட்டம் வந்திட்டுதாமே?

2025 மார்ச்சில் அரசாங்கம் அப்படிச் செய்யப்போவதாக அறிவித்தது. ஜூலையில் சட்டமூலத்தில் இருந்து அந்தப் பகுதியை எடுத்துவிட்டார்கள், அமைச்சர் ஸ்டீபன் டிம்ஸ் தலைமையில் ஒரு மீளாய்வு என்றார்கள். அந்த அறிவிப்பை மட்டும் கேட்டுவிட்டு, தகுதி இருந்தும் விண்ணப்பிக்காமல் இருக்காதீர்கள்.

அம்மாவுக்கு எழுபது வயது. அவவுக்கும் பிப் போடலாமோ?

புதிதாகப் பிப் போடமுடியாது. ஓய்வூதிய வயது தாண்டியவர்களுக்கான அட்டென்டன்ஸ் அலவன்ஸ்தான் அவவுக்கு. அதில் நடமாட்டப் பகுதி இல்லை, கஷ்டம் தொடங்கி ஆறு மாதம் ஆகியிருக்கவேண்டும். ஓய்வூதிய வயதுக்கு முன்பே பிப் எடுத்தவர்களுக்கு வயது தாண்டியும் அது தொடரும்.

ஊருக்குப் போகலாமோ? தங்கச்சியின்ர மகளின்ர கலியாணம்.

போகலாம். நாலு கிழமைக்கு மேல் நிற்கப் போகிறீர்கள் என்றால் போகுமுன் டிடபிள்யூபிக்கு அறிவியுங்கள். பொதுவாக 13 கிழமை வரைக்கும் காசு தொடரும், சிகிச்சைக்காகப் போனால் 26 கிழமை.

கலியாண வீட்டு வீடியோவில் சிரித்துக்கொண்டு நின்றால் பிடிபடுவோமா என்றும் கேட்கிறார்கள். படிவத்தில் உண்மையை எழுதியிருந்தால் பயப்பட ஒன்றும் இல்லை. ஒரு மணித்தியாலம் நின்றதற்கு மூன்று நாள் படுத்தது, திரும்பத் திரும்பச் செய்யமுடியுமா என்ற அதே கேள்விக்குள் வருகிறது. நிலை உண்மையிலேயே பெரிதாக மாறியிருந்தால் மட்டும் அவர்களுக்குச் சொல்லவேண்டும், கூடினாலும் குறைந்தாலும்.

எனக்குப் பிப் வந்திட்டுது. என்னைப் பார்க்கிற மருமகளுக்கு ஏதும் உண்டோ?

அன்றாட வாழ்க்கைப் பகுதி எந்தப் படியில் கிடைத்தாலும், கிழமைக்கு 35 மணித்தியாலம் உங்களைப் பார்க்கிறவர் கெயரர்ஸ் அலவன்ஸ் கேட்கலாம். அவர் வேலை செய்தால் உழைப்புக்கு ஒரு வரம்பு உண்டு, ஒரு பவுண் தாண்டினாலும் அந்தக் கிழமைக் காசு முழுதும் போய்விடும், பிறகு திருப்பிக் கட்டச் சொல்வார்கள்.

நீங்கள் ஓய்வூதிய வயது தாண்டி, தனியாக வாழ்ந்து, பென்ஷன் கிரெடிட்டில் கடுமையான குறைபாட்டுக்கான கூடுதல் தொகை எடுக்கிறீர்கள் என்றால் ஒன்றைக் கவனியுங்கள். மருமகளுக்குக் கெயரர்ஸ் அலவன்ஸ் காசு வரத் தொடங்கினால் உங்கள் கூடுதல் தொகை நிற்கும். குடும்பத்துக்கு மொத்தத்தில் இலாபமா நட்டமா என்று மருமகள் விண்ணப்பிக்கும் முன்பே ஒருவரைக் கொண்டு கணக்குப் பார்க்கவேண்டும்.